சோறு, சைக்கிள், ஆயிரம் ரூபாய்: அப்புறமும் ஏன் ஒன்பதாவதில் நிற்கிறார்கள்?

11 ஜூன் 2024 (வாசகர் ஒருவர் கேட்டது)

காலையில் உப்புமா, மதியம் முட்டையோடு சோறு, புத்தகம், சீருடை, சைக்கிள், பஸ் பாஸ், கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய். இவ்வளவு கொடுத்தும் அரசுப் பள்ளியில் ஒன்பதாவது, பத்தாவதில் பிள்ளைகள் படிப்பை நிறுத்துகிறார்கள் என்றால் பெற்றோருக்குப் பொறுப்பில்லை என்றுதானே அர்த்தம்? அரசு இன்னும் என்னதான் செய்யும்?

11 ஜூன் 2024, இரவு

பெற்றோர் தலையில் போட்டுவிட்டால் நமக்கு வேலை சுலபம். ஆனால் நீங்கள் சொன்ன பட்டியலை வகுப்புவாரியாகப் பிரித்துப் பாருங்கள் தம்பி.

காலை உணவு ஒன்றிலிருந்து ஐந்தாவது வரை. நான்கு செட் சீருடை எட்டாவது வரை, அதுவும் சத்துணவில் பெயர் இருந்தால். சைக்கிள் பதினொன்றாவதில். இடைநிற்றலைத் தவிர்க்க என்றே ஒரு சிறப்பு ஊக்கத்தொகை இருக்கிறது: பத்தாவதுக்கு 1,500, பதினொன்றாவதுக்கு 1,500, பன்னிரண்டாவதுக்கு 2,000, ஆக 5,000 ரூபாய். அதையும் வைப்புத் தொகையாகப் போட்டு, பன்னிரண்டாவது முடித்த பிறகுதான் கையில் கொடுப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் திட்டத்து ஆயிரம் ரூபாய் கல்லூரியில் சேர்ந்த பிறகு.

ஒன்பதாவதுக்கு என்ன மிச்சம்? மதியச் சோறு, புத்தகம், பஸ் பாஸ். எங்கள் பக்கத்து ஊர்களில் நடுநிலைப் பள்ளி எட்டாவதோடு முடிந்துவிடும். டி.சி. வாங்கிக்கொண்டு வேறு ஊரில் உள்ள உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். சீருடையை முதல் தடவையாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதுவரை எல்லோரும் தேர்ச்சி, இனிமேல் ஃபெயில் போடலாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் பிடி பதினான்கு வயதோடு விட்டுவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலும் 2016 திருத்தத்துக்குப் பிறகு பதினான்கு வயதுக்குக் கீழ் இருந்தால்தான் முழுத் தடை. பதினான்கிலிருந்து பதினெட்டு வரை அபாயகரமான தொழில்களில் மட்டும் தடை.

இத்தனையும் ஒரே ஜூன் மாதத்தில் அந்தப் பிள்ளை தலையில் வந்து விழுகிறது. அந்த ஜூன் மாதத்தில் உதவி எதுவும் புதிதாக வருவதில்லை.

நான் வேடசந்தூர் பக்கம் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போன ஆள். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

12 ஜூன் 2024

காசு மட்டும்தான் காரணம் என்று நான் சொன்னதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை. ஒரு பையனைச் சொல்கிறேன்.

ஒன்பதாவது, கடைசி பெஞ்ச். அவன் நோட்டை வாங்கிப் பார்த்தால் அசந்துபோவீர்கள். முத்து முத்தான கையெழுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் டிக், கீழே தேதி. கரும்பலகையில் இருந்ததை ஒரு புள்ளி விடாமல் எழுதியிருந்தான். 'இந்த வரியைப் படிடா' என்று விரலை வைத்தேன். ஜன்னலைப் பார்த்தான். திரும்பக் கேட்டேன். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். அவனுக்கு 'ப' தெரியும், 'டி' தெரியும், இரண்டையும் சேர்த்தால் என்ன என்று தெரியாது. எட்டு வருடமாக எழுத்தை வரைந்துகொண்டிருந்திருக்கிறான், வாத்தியார்களும் டிக் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அறிவியல் வகுப்பில் எழுந்து சத்தமாகப் படிக்கச் சொன்ன நாளுக்கு மறுநாளிலிருந்து வரவில்லை. வீட்டில் கேட்டால் வயிற்றுவலி என்றார்கள். பாட்டி ஒரு படி மேலே போய், பயந்திருக்கிறான் என்று மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். காலையில் பள்ளிக்கு வராதவன் சாயங்காலம் மட்டும் கபடி விளையாட மைதானத்துக்கு வருவான் என்பது உடற்கல்வி ஆசிரியரான பி.இ.டி. சாருக்கு மட்டும்தான் தெரியும்.

அவர்தான் அவனைப் பிடித்தார். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் மீசை முளைக்கிற பையன் தொடுவானா? டீம் லிஸ்டை எழுதும் வேலையைக் கொடுத்தார். ஏழு பேர் பெயர், எதிர் டீமில் ஏழு பேர், அப்பா பெயர், ஊர் பெயர், பிறந்த தேதி. தப்பாக எழுதினால் போட்டிக்குப் போக முடியாது. முதல் மணி அடிக்கும் முன்னால் தினமும் கொஞ்ச நேரம், மைதானத்து வேப்பமரத்தடியில். பையன் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டு, துணைத்தேர்வில் தேறினான். இப்போது ஐ.டி.ஐ. முடித்து வேலையில் இருக்கிறான்.

12 ஜூன் 2024, கொஞ்சம் கழித்து

அந்த பி.இ.டி. பீரியடைத்தான் பத்தாவதில் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். திருப்பிக் கொடுத்ததாக வரலாறு இல்லை.

13 ஜூன் 2024

'இப்போதுதான் ஆப் வந்துவிட்டதே, வராத பிள்ளையின் பெற்றோருக்குத் தகவல் அனுப்பினால் போதாதா' என்று கேட்டவருக்கு.

எந்த நம்பருக்கு? அப்பா ரீசார்ஜ் முடிந்தால் புது சிம் வாங்குகிறவர். அம்மாவிடம் போன் இல்லை. எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேட்டில், பத்து இலக்கம் போடாமல் விண்ணப்பம் நகராது என்பதால் பக்கத்து மளிகைக் கடை நம்பரைப் போட்டிருப்பார்கள். ஒரு ஊரில் பாதி வகுப்புக்கு அங்கன்வாடி அம்மா நம்பர்தான் இருந்தது. 'எனக்குக் கல்யாணமே ஆகலை சார், எமிஸ்ல எனக்கு முப்பது பிள்ளை' என்று சிரித்தார்.

16 ஜூன் 2024

எமிஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு டி.சி. கொடுத்துவிட்டால் பழைய பள்ளியின் பட்டியலில் இருந்து பெயர் எடுக்கப்பட்டு காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்குப் போகும். புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஜூன், ஜூலையில் பூலில் பெயர் தங்கினால் அந்தப் பிள்ளை எங்கேயும் சேரவில்லை என்று பொருள், அல்லது வேறு மாநிலத்துக்குப் போயிருக்கும், அல்லது வேறு பாடத்திட்டத்தில் சேர்ந்திருக்கும். எந்தப் பிள்ளை என்ன ஆனது என்று ஆள் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

உண்மையில் இது நல்ல ஏற்பாடு. முன்பெல்லாம் எட்டாவதோடு டி.சி. வாங்கிய பிள்ளை சேர்ந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பழைய ஹெச்.எம். 'என் பிள்ளை இல்லை' என்பார். புது ஹெச்.எம். 'எனக்கு வரவே இல்லையே' என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

சிக்கல் இன்னொரு பக்கம். பெயர் பள்ளியிலேயே இருந்து, ஆள் மட்டும் வராமல் போகும் பிள்ளை பூலுக்கு வரவே வராது. 2023 மார்ச் ஞாபகம் இருக்கிறதா? பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை என்று பெரிய செய்தியானது. அந்த செட் பத்தாவது படித்தது 2020-21 இல். கொரோனாவால் தேர்வே இல்லை, எல்லோரும் தேர்ச்சி. அதில் ஒரு பகுதி அப்போதே வேலைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் பதினொன்று, பன்னிரண்டு என்று மேலே ஏறிக்கொண்டே போனது. ஹால் டிக்கெட் அச்சடித்து, பெஞ்சில் நம்பர் ஒட்டிய பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. வகுப்பாசிரியருக்கு இரண்டு வருடமாகத் தெரியும்.

சொல்லாதது ஏன் என்று கேட்பீர்கள். பெயரை எடுத்தால் 'உன் பள்ளியில் இடைநிற்றல் ஏன்' என்று விளக்கம் கேட்பார்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் உபரி ஆசிரியர் என்று பணியிடம் போகும். பெயரை வைத்துக்கொண்டால் ஒருவரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நானாக இருந்தாலும் வைத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ.

2 ஜூலை 2024

சட்டத்தைக் கடுமையாக்கு, வேலைக்கு வைக்கிறவனைப் பிடித்து உள்ளே போடு என்கிறார் ஒரு நண்பர். போடுங்கள், நல்லதுதான். ஆனால் விடியற்காலை மில் வேன் வருகிற ஊரில் போய் நின்று பாருங்கள். ஏறுகிற பெண் பிள்ளைகள் எல்லோரும் 'பதினெட்டு முடிஞ்சிருச்சு' என்பார்கள். ஆதாரும் வைத்திருப்பார்கள், அது யாருடையது என்பது வேறு விஷயம். எங்கள் பக்கம் நூற்பாலை. உசிலம்பட்டி, ஆண்டிபட்டிப் பக்கம் பையன்களை வடநாட்டு முறுக்குக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் என்றால் போர்வெல் லாரி.

அக்கா ஒருவர் கேட்டிருந்தார், பெண் பிள்ளைகள் நிற்பதற்குக் கழிப்பறைதானே முக்கியக் காரணம் என்று. அதுவும் ஒன்று. ஆனால் நான் பார்த்தவரை, வயதுக்கு வந்து சடங்கு வைக்கிற சமயம்தான் கண்டம். பதினாறாம் நாள் தண்ணி ஊற்றி, சீர் வந்து இறங்கி, சொந்தக்காரர்கள் எல்லாம் கூடும் இடத்தில் மாமன் வீட்டுப் பேச்சு மெல்ல ஆரம்பிக்கும். அதற்குள் பாடம் ஒரு மாதம் ஓடியிருக்கும். திரும்ப வருகிற பிள்ளையிடம் வகுப்பாசிரியர் முதல் நாளே 'எங்கம்மா ஒரு மாசமா காணோம், பேரன்ட்ஸைக் கூட்டிட்டு வா' என்று வாசலில் நிறுத்தினால் முடிந்தது கதை. ஒரு பள்ளியில் டீச்சர் ஒருவர் சடங்குக்கு மொய் எழுதப் போவார். கையோடு வீட்டுப்பாட நோட்டும் எடுத்துப் போவார். 'திங்கக்கிழமை டெஸ்ட் இருக்கு, அனுப்பிவிடுங்க' என்று பந்தியில் உட்கார்ந்தபடி அம்மாவிடம் சொல்வார். எல்லோர் முன்னாலும் சொன்னதால் அனுப்பாமல் இருக்க முடியாது.

10 ஆகஸ்ட் 2024

நேற்று கோவையில் தமிழ்ப் புதல்வன் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். பையன்களுக்கும் கல்லூரியில் மாதம் ஆயிரம். நல்லது, வாயாரப் பாராட்டுகிறேன். புதுமைப் பெண் வந்த பிறகு 'பிளஸ் டூ வரைக்குமாவது ஓட்டிருவோம்' என்று சொன்ன அம்மாக்களை எனக்குத் தெரியும். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் கிடைக்கும் என்பதால் அந்தக் கணக்கு கீழ் வகுப்பிலும் கொஞ்சம் வேலை செய்கிறது. ஜூன் மாதம் நான் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆனால் பதினான்கு வயதுப் பையனுக்கு நாலு வருடம் கழித்து வரும் ஆயிரத்தைவிட அடுத்த சனிக்கிழமை வரும் ஐநூறு பெரிது. அவன் வீட்டுக் கடன்காரருக்கும் அப்படித்தான்.

7 செப்டம்பர் 2024

'ஆள் போய்ப் பார்க்க வேண்டும்' என்று எழுதினேன். அந்த ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. பகுதிநேர ஆசிரியர், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர், உண்டு உறைவிடப் பள்ளி, மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கான வண்டி, பள்ளியை விட்டவர்களுக்கான சிறப்புப் பயிற்சி மையம் எல்லாமே பெரும்பாலும் சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய, மாநில அரசுகளின் கல்வித் திட்டத்துப் பணம். பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு இந்த வருடம் முதல் தவணை 573 கோடியை நிறுத்தி வைத்திருக்கிறது. அரசியலை நீங்கள் பேசுங்கள். பிளவு உதட்டோடு இருக்கும் ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து பள்ளிக்குக் கொண்டுவந்த சிறப்பாசிரியை ஒருவர், இந்த மாதம் வீட்டு வாடகைக்கு யாரிடம் கேட்பது என்று எனக்குப் போன் பண்ணினார். நான் பேசுவது அதை.

5 நவம்பர் 2024

தீபாவளி முடிந்த வாரம் எந்த உயர்நிலைப் பள்ளியிலும் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். லீவுக்குப் பிறகு வராதவர்களில் இரண்டொருவர் திரும்ப வரவே மாட்டார்கள். திருப்பூரிலிருந்து வந்த அண்ணன் கையில் புதுப் போன், ஜீன்ஸ், பைக் தவணை. அவனும் ஒன்பதாவதில் விட்டவன்தான். அவன் சொல்லுக்கு முன்னால் நம் திட்ட விளம்பரம் எடுபடுமா?

இங்கே ஒரு யோசனை. ஜூனில் வீட்டுக்குப் போவதே எல்லாம் என்கிற மாதிரி எழுதியிருந்தேன். யார் போகிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். ஜீப்பில் வருவாய்த் துறை, தொழிலாளர் துறை, போலீஸ், நாங்கள் எல்லோரும் ஒன்றாக இறங்கினால் பிள்ளை பின்பக்க வாசல் வழியாகக் கம்பங்காட்டுக்குள் ஓடியிருக்கும். எஸ்.எம்.சி. எனும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள அம்மா ஒருவர் தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் பேச்சுக்கொடுத்தால் உண்மை முழுக்க வந்துவிடும்: எவ்வளவு கடன், யாரிடம், பையன் எந்த ஊரில். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. பல இடங்களில் தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு சரி. டீ, பிஸ்கட் உண்டு.

24 டிசம்பர் 2024

ஐந்தாவது, எட்டாவதில் இனி ஃபெயில் போடலாம் என்று ஒன்றிய அரசு விதியை மாற்றிவிட்டது. தமிழ்நாட்டில் எட்டாவது வரை தேர்ச்சி முறை தொடரும் என்று அமைச்சர் அன்பில் மகேஸ் சொல்லியிருக்கிறார். காலையிலிருந்து இரண்டு பக்கமும் சண்டை.

கபடிப் பையன் கதையை வைத்தே 'பார்த்தீர்களா, ஐந்தாவதில் ஃபெயில் போட்டிருந்தால் படிக்கக் கற்றிருப்பான்' என்கிறார் ஒருவர். ஃபெயில் போட்டிருந்தால் ஐந்தாவதிலேயே ஆடு மேய்க்கப் போயிருப்பான். அப்போது பி.இ.டி. சார் கண்ணில்கூடப் பட்டிருக்க மாட்டான். ஆனால் ஃபெயில் போடச் சொல்கிறவரின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: தேர்ச்சி போடு என்று சொன்ன சட்டமே கற்றுக்கொடு என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

18 ஜனவரி 2025

பொங்கலுக்கு வந்த மருமகன் இதையெல்லாம் படித்துவிட்டு, 'குறை சொல்கிறீர்களே மாமா, நீங்கள் மந்திரியாக இருந்தால் என்ன செய்வீர்கள்' என்றார். சைக்கிளை ஒன்பதாவதுக்கு இறக்குவேன் என்றேன்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. பீகாரில் 2006 இல் ஒன்பதாவதில் சேரும் பெண் பிள்ளைகளுக்கு என்று சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதை ஆராய்ந்தார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

நம் ஊர் சைக்கிள் பதினொன்றாவதில் வருகிறது, அதாவது ஒன்பதும் பத்தும் தாண்டிக் கரையேறியவர்களுக்கு. விட்டுப்போனவர்கள் அதைத் தெருவில் போகும்போது பார்க்கலாம்.

'பீகாரைப் பார்த்து நாம் கற்பதா' என்று ஒருவர் கோபித்துக்கொள்ளப் போகிறார். 1982 இல் நாம் கொண்டுவந்த சத்துணவைப் பார்த்து மற்றவர்கள் கற்கவில்லையா? ஒன்றும் குறைந்துவிடாது.

19 ஜனவரி 2025

கோபித்துக்கொண்டார்.

6 ஜூலை 2025

ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த வருடம் 'திறன்' என்ற பெயரில் ஆறிலிருந்து ஒன்பதாவது வரை தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படை இல்லாத பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தனியாகக் கற்பிக்கப் போகிறார்கள். ஒன்பதாவதையும் சேர்த்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். எழுத்தை வரைகிற பையன்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டதாகவே இதை எடுத்துக்கொள்கிறேன்.

சந்தேகமும் உண்டு. பிரித்து உட்கார வைக்கும்போது அதற்கு ஒரு பட்டப்பெயர் வரும், பிள்ளைகள் வைத்துவிடுவார்கள். வாத்தியார் பாடத்தையும் முடிக்க வேண்டும், இதையும் செய்ய வேண்டும், எமிஸிலும் ஏற்ற வேண்டும். மூன்றாவது மட்டும் கட்டாயம் நடக்கும்.

8 ஜூலை 2025

முதல் கேள்வி கேட்ட தம்பி தனியாக எழுதியிருந்தார். சென்னையில் வேலை, சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டாவதோடு நின்றுவிட்டதாம். டி.சி. தொலைந்துபோனதால் எங்கும் சேர்க்க மாட்டார்கள் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறார்களாம், என்ன செய்வது என்று கேட்டார். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

டி.சி.க்காகப் பிள்ளையை வீட்டில் வைக்காதீர்கள். எட்டாவது வரையிலான பிள்ளைக்கு டி.சி. தாமதமானால் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. இந்தப் பிள்ளை ஒன்பதாவதுக்குப் போக வேண்டியது. படித்த பள்ளிக்குப் போய் நகல் கேளுங்கள், பதிவேட்டில் எல்லாம் இருக்கும். எமிஸ் எண்ணையும் குறித்துக்கொண்டு உயர்நிலைப் பள்ளி ஹெச்.எம்.மிடம் போங்கள். இழுத்தடித்தால் வட்டார வள மையத்துக்கு ஒரு நடை. கல்வித் துறை உதவி எண் 14417. வேலைக்கு அனுப்பியிருந்தாலோ கல்யாணப் பேச்சு என்றாலோ 1098.

காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் சேர்த்துவிடுங்கள். அதற்கப்புறம் பிள்ளையே வர மாட்டேன் என்றுவிடும். சீருடைத் துணி இரண்டு செட் நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடுங்கள், தையல் கூலியோடு.